கூரையில் வெயில், அறையில் இருள்



2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் கடைசி நாட்களைக் கொழும்பிலே கழித்தவர்கள் அவற்றை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை; மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் நீர் தாழ்ந்து கிடந்தது. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, அம்மாதம் 31ஆந் திகதி 13 மணி நேரத்தை எட்டியது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றிலே குடியிருப்பவன் நான். அந்நாட்களில் ஒரு நண்பகல் வேளையில் அங்கே நிகழ்ந்த சிறு சம்பவம் இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாயாக அமைகின்றது.

எங்கள் அயலவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்காளர், தம் வீட்டுக் கூரையிலே சூரியத் தகடுகளைப் பதித்திருந்தார். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகடுகள் கண்ணைப் பறிக்கும்படி மின்னின. அவரோ சட்டையைக் கழற்றிவிட்டுப் பனையோலை விசிறியுடன் வாசற்படியில் அமர்ந்திருந்தார். எதிர் வீட்டு மூதாட்டி, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்து மகளுடன் வாழ்பவர், கேற்றைத் திறந்துகொண்டு வந்து, "தம்பி, உங்கடை கூரையிலை வெயில் கறண்ட் இருக்கெல்லோ? பிறகேன் விசிறியோடை இருக்கிறியள்?" என்று கேட்டார். "வெளிக்கறண்ட் நிண்டால் அதுவும் சேர்ந்து நிண்டுபோகும், அம்மா" என்றார் அவர். "அப்ப அது என்ன கறண்ட்?" என்று சொல்லிவிட்டு மூதாட்டி திரும்பிப் போய்விட்டார்.

படித்தவர்கள் பலரும் கேட்க வெட்கப்படும் வினாவை அந்த அம்மையார் கேட்டுவிட்டார். அதற்கு விடை காண முயல்வதே என் நோக்கம். அவ்விடையைத் தேடிச் செல்பவர், எங்கள் வெள்ளவத்தையிலிருந்து 101ஆம் இலக்கப் பேருந்திலே ஏறி, கட்டுபெத்தையிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வரையிலே போகவேண்டியிருக்கும். அங்கே போவதற்கு முன், அயலவரின் கூரையைச் சற்று நோக்குவோம்.

சூரியத் தகட்டிலிருந்து பிறப்பது நேரோட்டம். வீட்டு விளக்கும் விசிறியும் வேண்டுவது, செக்கனுக்கு 50 சுழற்சிகளாகத் திசைமாறி ஓடும் ஆடலோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது, இன்வேட்டர் என்று நாம் வழங்கும் மாற்றுப்பெட்டி. சாதாரண வீடுகளிற் பொருத்தப்படும் பெட்டிக்கு ஓர் இயல்பு உண்டு. அது தானாகத் தாளம் போடாது. தெருக்கம்பியில் வரும் மின்சாரத்தின் தாளத்தைச் செவிமடுத்து, அதனோடு ஒன்றித் தன் மின்சாரத்தையும் சேர்க்கும். சுருதிப்பெட்டி ஒலிக்கும்வரை பாடி, அது நின்றதும் வாயை மூடிக்கொள்ளும் பாடகரைப் போன்றது அது. தெருக்கம்பியிலே மின்சாரம் அற்றதும் கணப்பொழுதில் அது தன்னைத் துண்டித்துக்கொள்ளும். இது பழுதன்று; வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கம்பி செத்துக் கிடக்கின்றது என்று நம்பிக் கம்பத்தில் ஏறித் திருத்தும் ஊழியர்மேல், ஏதோ ஒரு கூரையிலிருந்து வரும் மின்சாரம் பாய்ந்துவிடலாகாது அல்லவா? எனவே, மின்கல அடுக்கும் அதற்கேற்ற தனி வகை மாற்றுப்பெட்டியும் இல்லாத வீட்டிலே, கூரையில் எவ்வளவு வெயில் இருந்தாலும், ஊர் இருண்டால் வீடும் இருளும். தகடு விற்க வருவோர் இச்செய்தியை வாங்குவோரிடம் அழுத்திச் சொல்வது அரிது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

ஆயின், அந்தச் சுருதியைத் தருவது யார்? இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இந்நகரில் 1895ஆம் ஆண்டளவிலே பூஸ்ரெட் சகோதரர் என்னும் வணிக நிறுவனத்தார் கோட்டைப் பகுதியில் மின்சாரம் பிறப்பித்து வழங்கத் தொடங்கினர். நூற்றாண்டு முடியுமுன் கொட்டாஞ்சேனைக்கு அருகே கிராண்ட்பாஸ் வரை மின்சார ட்ராம் வண்டியும் ஓடிற்று. அவையெல்லாம் எரிபொருளை நம்பிய சிறு முயற்சிகள். இலங்கையின் ஆறுகளே நாட்டுக்கு ஒளி தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் அவர் தம் ஆய்வுரையைப் படித்தார். அத்திட்டம் தொடங்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் இழுபட்டு, லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1950 ஆகிவிட்டது. உரை படித்ததிலிருந்து 32 ஆண்டுகள்! 1953இல் அவர் காலமானார். தம் கணக்குச் சரியென்பதைக் கண்ணாற் கண்டு மூன்று ஆண்டுகளே வாழ்ந்தார்.

களனி கங்கையின் தலைக்கிளைகளான கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சுழற்றிய அந்தப் பிறப்பாக்கிகளே கொழும்புக்கு நெடுங்காலம் சுருதி கொடுத்தன. அவற்றைச் சுழற்றிவிட்ட நீர்தான் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்தில் கடலிற் கலக்கின்றது. இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. அந்த ஆறுகளின் இரு மருங்கிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம்மவரின் லயன் அறைகள் இருந்தன. அவற்றின் தலைக்கு மேலாகவே உயரழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கி ஓடின. பல்லாண்டு காலம் அந்த அறைகளிலே எரிந்ததோ மண்ணெண்ணெய் விளக்கு. மின்சாரம் எங்கே பிறக்கின்றது என்பது ஒரு கேள்வி. எவர் வீட்டுக்குப் போகின்றது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி இப்பேச்சிலே மீண்டும் வரும்.

இனிச் சூரியனுக்கு வருவோம். கூரை மின்சாரத்தைத் தெருக்கம்பிக்குக் கொடுத்து, அதைத் தம் கட்டணத்திற் கழித்துக்கொள்ளும் முறை இந்நாட்டில் 2010ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. 2016 செப்டெம்பரில் அரசு தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' என்னும் இயக்கம், மிகுதி மின்சாரத்தை விற்றுப் பணம் பெறவும் வழி திறந்தது. அதன்பின் வீடுகள், பாடசாலைகள், ஆலைகள், வணக்கத்தலங்கள் என எங்கும் நீலத் தகடுகள் முளைத்தன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நாடெங்கும் கூரைகளிலிருந்த தகடுகளின் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் ஒருசேர ஓடினாலும் 900 மெகாவாட்டுத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும்.

இந்த நல்ல செய்திக்குள்ளே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. வெயில் நன்றாக எறித்தது. மின்தேவையோ குறைவு, அதிற் பெரும் பங்கைச் சூரியனே தந்துகொண்டிருந்தது. முற்பகலிலே பாணந்துறை உபமின்நிலையத்திற் கோளாறு ஏற்பட்டு, முழு இலங்கையும் மின்சாரம் இழந்தது. குரங்கொன்று கம்பியிற் பட்டதே காரணம் என்று மின்வலு அமைச்சர் சொன்னதும், நாடெல்லாம் சிரித்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் சிரித்தன. நான் குரங்கின் பக்கம் பேசுவேன். உபமின்நிலையத்தில் விலங்கு புகுவது உலகெங்கும் நடப்பதுதான். ஓரிடத்துக் கோளாறு முழு நாட்டையும் வீழ்த்தியது ஏன் என்பதே கேட்கத் தக்க கேள்வி.

ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு வரும் தேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீதியில் ஒரு சிறு பள்ளத்தில் அதன் சில்லு இறங்கினால், தேர் குலுங்கும், ஆனால் நில்லாது. அதன் பாரமே அதனை இழுத்துச் செல்லும். அதே பள்ளத்தில் ஒரு துவிச்சக்கரவண்டி இறங்கினாற் கவிழ்ந்துபோகும். நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுழலும் பிறப்பாக்கிகள் தேரைப் போன்றவை. பல தொன் பாரமுள்ள அவற்றின் சடத்துவம், மின்னமைப்பிலே ஏற்படும் அதிர்ச்சியைச் சில செக்கன்கள் தாங்கும். அந்தச் சில செக்கன்களுக்குள் ஏனைய நிலையங்கள் ஓடிவந்து தோள் கொடுக்கும். சூரியத் தகட்டிலே சுழல்வது எதுவும் இல்லை, பாரமும் இல்லை. தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பாரமான பொறிகள் சிலவே ஓடிக்கொண்டிருக்க, பாரமில்லாத வலு மிகுந்திருந்தால், மின்னமைப்பு முழுவதும் துவிச்சக்கரவண்டி ஆகிவிடுகின்றது. மீடிறன் தளம்பியதும் பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன. நுரைச்சோலைப் பொறிகளும் நின்றன. அவற்றை மீள ஓட்ட நாட்கள் எடுத்தமையால், அதற்கடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

இரண்டு மாதங் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஆலைகள் அடைபட்டன, கொழும்பே ஊருக்குப் போய்விட்டது. அப்போது இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது: கூரையிலே தகடு உள்ளவர்கள் ஏப்ரில் 21ஆந் திகதிவரை காலை 6 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை தாமாகவே அவற்றை நிறுத்திவைக்கவேண்டும் என்பது அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் 13 மணி நேரம் இருளில் இருந்த நாடு, இப்போது மின்சாரம் மிகுந்துபோயிற்று, நிறுத்துங்கள் என்று கும்பிட்டது! எங்கள் கணக்காளர் நிறுத்தினார். கடமை உணர்ச்சியால் நிறுத்தினார். ஆனால் ஆளியை அமர்த்தியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

இந்த நிலையிலேதான் கட்டுபெத்தைக்குப் போகவேண்டும் என்கின்றேன். 1966ஆம் ஆண்டில் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாக உருப்பெற்று, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்ற கழகம் அது. பொல்கொட ஏரியின் பக்கமாக அமைந்த அந்த வளாகத்திலே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, லெக்கோ என்று நாம் அழைக்கும் இலங்கை மின்சாரத் தனியார் கம்பனி, நகர்ப்புறச் சிறு மின்வலையொன்றை அண்மைய ஆண்டுகளில் அமைத்தது. சூரியத் தகடுகள், மின்கல அடுக்கு, டீசல் பிறப்பாக்கி, இவற்றையெல்லாம் ஆளும் கணினி ஆகியவை சேர்ந்தது அது.

எங்கள் அயலவரின் கூரைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? தெருக்கம்பி செத்தால், இந்த வளாகம் ஓர் ஆளியைத் திறந்து தன்னை வெளியுலகிலிருந்து முறைப்படி பிரித்துக்கொள்ள வல்லது. அப்போது மின்கல அடுக்கினோடு இணைந்த பெரிய மாற்றுப்பெட்டி தானே சுருதி கொடுக்கும். கூரைத் தகடுகளின் பெட்டிகள் அதைக் கேட்டுத் தொடர்ந்து பாடும். கம்பத்தில் ஏறும் ஊழியருக்கும் ஆபத்தில்லை, ஏனெனில் வெளிக்கம்பியோடு தொடர்பே அறுந்துவிட்டது. பொறியியலாளர் இதற்கு இட்ட பெயர் தீவாதல். எதிர்வீட்டு மூதாட்டி கேட்டால் மகிழ்வார். அவருடைய ஊர்ப்பக்கத்து எழுவைதீவிலே, பெருவலையின் கம்பி எட்டாத அந்தச் சிறு தீவிலே, வெயில், காற்று, மின்கலம், டீசல் நான்கையும் ஒன்றாக இணைத்து ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் அமைப்பொன்று முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றிலும் அவ்வாறே செய்வதற்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. கடல் சூழ்ந்தவர்கள் வேறு வழியின்றிக் கற்றதைக் கட்டுபெத்தை விரும்பிக் கற்றது எனலாம்.

ஏன் ஒரு பல்கலைக்கழகம்? விரிவுரை மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் மின்சாரத்தை வேண்டுவது பகலிலே. வெயில் எறிப்பதும் பகலிலே. அகன்ற கூரைகள் பல, ஒரே உடைமையாளரின் கையிலே உள்ளன. வார இறுதியில் மண்டபங்கள் வெறிச்சோட, மின்சாரம் மிஞ்சும். இரவிலே விடுதிகள் விழித்திருக்க, மின்சாரம் போதாது. அதாவது நாடு முழுவதும் படும் பாடு அந்த மதிலுக்குள்ளே சிறு உருவில் நாள்தோறும் நடக்கின்றது. மேலும், அங்கே பிழை நேர்ந்தால் அது பாடமாகும். மருத்துவமனையில் நேர்ந்தால் உயிர் போகும். பாடநூலில் மீடிறன் என்று படித்த மாணவர், தம் தலைக்கு மேலே அது 50இலிருந்து நழுவுவதைக் கருவியிற் பார்க்கலாம். வடக்கிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர்கள், நோர்வே நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்துச் சூரியக்கலங்களை ஆராய்ந்து வருகின்றனர்.

ஆனால், நேயர்களே, எனக்கு அங்கே பெரிதாகத் தோன்றுவது பொறிநுட்பம் அன்று. தீவாகிவிட்ட வளாகத்திலே மின்கலம் நிரந்தரமானதன்று. அது வடிந்துகொண்டே போகும். எதற்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது? ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் ஆறு மாத உழைப்பு இருக்கின்றது. விடுதியிலே நாளைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கின்றது. நிருவாகக் கட்டடத்திலே குளிரூட்டி இருக்கின்றது. எத்தகைய கணினியாயினும், யாரோ ஒரு மனிதர் முன்கூட்டி எழுதிக் கொடுத்த வரிசைப்படியே துண்டிக்கும். அந்த வரிசையை எழுதுவது யார்? லயன் அறைக்கு மேலே கம்பி ஓடிய காலத்திலும் இப்படி ஒரு வரிசை இருந்தது. யாரும் அதை வாய்விட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவகத்திலே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் இக்கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினர். தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்த காலம் அது. வலு குறைந்தபோது சில பகுதிகளை முற்றாக இருட்டாக்காமல், எல்லா வீட்டுக்கும் மிகச் சிறு அளவை மட்டும் விடாது கொடுத்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். வீட்டினுள்ளே 48 வோல்ற்று நேரோட்டக் கம்பி ஒன்று. அதிலே சில விளக்குகள், ஒரு விசிறி, கைப்பேசிக்கு ஓர் இணைப்பு. சூரியத் தகடும் அதே நேரோட்டத்தையே தருவதால் மாற்றுப்பெட்டியே வேண்டியதில்லை. மாற்றும்போது வீணாவதும் மிச்சம். இந்த முறை இராசத்தானத்துப் பாலைவனத்தில், கம்பி எட்டாத சிற்றூர்களிலே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. சென்னை நகரம் அதைப் பெரிதாக ஏற்கவில்லை. ஏசியும் கிரைண்டரும் ஓடாத மின்சாரத்தை நகரத்தார் மின்சாரமென்று மதிப்பதில்லை. இருந்தாலும், பாதி ஊருக்கு முழு ஒளி, மீதி ஊருக்கு முழு இருள் என்பதைவிட, எல்லோருக்கும் ஒரு விளக்கு என்ற அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

இக்கணக்கை நம் வாசலுக்குக் கொண்டுவருவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவரிற் பெரும்பாலோர் இன்று தொடர்மாடிகளிலே வாழ்கின்றனர். பழைய நூல் நெசவு ஆலை நின்ற நிலத்திலேயே வானளாவும் மாடிகள் எழுந்துவிட்ட ஊர் எங்களது. தொடர்மாடியிலே மின்வெட்டு என்றால் விளக்கு அணைவது மட்டுமன்று. மின்தூக்கி நிற்கும். நீர் இறைக்கும் பம்பி நிற்கும். 2022இலே ஆறாம் மாடியிலிருந்த நோயாளிகளைக் கதிரையில் வைத்து இறக்கிய வீடுகளை நான் அறிவேன்.

எட்டு மாடி, முப்பத்திரண்டு குடும்பங்கள் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி 200 சதுர மீற்றர் என்க. தண்ணீர்த் தாங்கி, மின்தூக்கியின் பொறியறை, துணி உலர்த்தும் கொடி இவற்றுக்குப் பாதியை விட்டுவிட்டால், எஞ்சியதில் ஏறக்குறைய 20 கிலோவாட்டுத் தகடுகளைப் பதிக்கலாம். கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட்டு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிற்றுக் கொடுத்தால், மொத்தம் 80 யூனிற்று. முப்பத்திரண்டாற் பிரித்தால் வீட்டுக்கு இரண்டரை யூனிற்று. குளிரூட்டி உள்ள வீட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிரிக்காமல் ஒன்றாக வைத்தாலோ? பம்பி, மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, வீட்டுக்கு ஓர் அறையில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் என்று இருந்தால், அது போதும். நடுத்தர அளவான மின்கல அடுக்கு ஒன்றையும் சேர்த்தால் இரவையும் ஓட்டலாம். நண்பகலில் மிஞ்சுவதைத் தெருக்கம்பியிலே கொட்டி நாட்டை உலுக்காமல், மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட உச்ச வேளைக்குப் பிடித்து வைக்கலாம். பகலிலே நம் கூரை உழைத்தால், அந்த நேரத்துக்கு மவுசாகலையிலும் காசல்ரீயிலும் நீர் திறக்கவேண்டியதில்லை. அந்நீரும் மாலைக்காகக் காத்திருக்கும்.

செலவைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். இன்று தகடு மலிவு. மின்கல அடுக்கே விலை கூடியது, அதுவும் தகட்டைப்போல இருபத்தைந்து ஆண்டு உழைக்காது. வெள்ளவத்தையின் உப்புக்காற்று இரும்புச் சட்டங்களையும் இணைப்புகளையும் தின்றுவிடும். துருப்பிடியாத ஆணியா என்று கேட்டு வாங்கவேண்டும். காகங்கள் செய்யும் உபகாரத்தை வாரந்தோறும் கழுவவேண்டும். இவற்றைவிடக் கடினமானது, மொட்டைமாடி யாருடையது என்ற பழைய வழக்கு. அது எல்லோருக்கும் பொது என்று உறுதியில் எழுதியிருக்கும். மேல்மாடிக்காரர் தம்முடையது என்பார். கீழ்மாடிக்காரர் தமக்கு மின்தூக்கி எதற்கு, பங்குப்பணம் எதற்கு என்பார். கட்டுபெத்தையில் கணினிக்கு எழுதிக் கொடுத்த அதே வரிசையை, இங்கே முகாமைக் குழுக் கூட்டத்தில், பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்துகொண்டு, தேநீர் ஆறிப்போகும்வரை பேசித்தான் எழுதவேண்டும்.

எங்கள் கணக்காளர் 2025ஆம் ஆண்டு முடிவதற்குள் சிறிய மின்கல அடுக்கொன்றும் புதிய மாற்றுப்பெட்டியும் வாங்கினார். இப்போது ஊர் இருண்டாலும் அவர் வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடும். அவற்றோடு, ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டு மூதாட்டியின் அறைக்கு ஒரு கம்பி இழுக்கலாமா என்று விசாரித்தார். சட்டம் இடங்கொடுக்காது என்று பதில் வந்தது. ஆகையால் மின்வெட்டு நேரத்தில் மூதாட்டி கேற்றைத் திறந்துகொண்டு இங்கே வந்து விசிறியின்கீழ் அமர்ந்துவிடுகின்றார். எதிர்வீட்டுத் தொடர்மாடியின் அடுத்த கூட்டத்தில் மூன்றாவது விடயமாக மொட்டைமாடி என்று எழுதப்பட்டிருக்கின்றதாம். முதலிரண்டும் தண்ணீர்க் கட்டணமும் காவலாளியின் சம்பளமும். மூன்றாவதற்கு வரும்போது பலரும் எழுந்து போய்விடுவார்கள் என்று மூதாட்டி அஞ்சுகின்றார். அதை முதலாவதாக மாற்றச் சொல்லி மகளை அனுப்பியிருக்கின்றார்.